எலிக்குக் குணமானது நமக்கும் குணமாகுமா? – வாசகர் கேள்வி பதில்

நீரிழிவு ஆராய்ச்சியில் சுண்டெலிகளின் பங்கு பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். நோய் பற்றிய செய்திகள் கலந்திருப்பதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

உயர்தர வகுப்பு மாணவி, தலவாக்கலை: சீனி வருத்தம் மனிதருக்கு வருகிற நோய். அதைச் சுண்டெலியில் எப்படி ஆராய முடியும்? எலிக்கும் அந்த நோய் வருமா?

வரும். சில வம்சங்களில் தானாகவே வருகிறது; மற்றவற்றில் ஆய்வாளர்கள் வரவைக்கிறார்கள். இந்த ஆராய்ச்சி தொடங்கியது சுண்டெலியில் அல்ல, நாயில். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, ஃபொன் மேரிங் என்ற இருவரும் நாயின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு ஏற்பட்டதைக் கண்டார்கள். 1921இல் டொரொன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களைக் கொண்டே இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. சுண்டெலி முன்னுக்கு வந்ததற்குக் காரணம் அதன் சிறிய உடலும் குறுகிய வாழ்நாளும்தான். இருபது முதல் முப்பது கிராம் எடை, மூன்று வாரக் கர்ப்பம், இரண்டு மூன்று ஆண்டு ஆயுள் என்பதால், மனிதரில் பல ஆண்டுகள் இழுக்கும் நோயின் போக்கைச் சில மாதங்களிலேயே தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிடலாம். உடன்பிறந்தவற்றையே இருபது தலைமுறைகளுக்குக் குறையாமல் இணைசேர்த்து உருவாக்கிய வம்சங்களில் ஓர் எலிக்கும் மற்றோர் எலிக்கும் மரபணு வேறுபாடு ஏறக்குறைய இல்லாததால், உணவையோ மருந்தையோ மாற்றும்போது காணும் விளைவு எதனால் வந்தது என்று பிரித்தறிவதும் எளிது.

ஜப்பானில் உருவாக்கப்பட்டு 1980இல் அறிவிக்கப்பட்ட என்.ஓ.டி. என்ற வம்சத்தில், உடலின் நோயெதிர்ப்புக் கலங்களே சதையியில் இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலங்களைத் தாக்கி அழிக்கின்றன; சிறுபிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவுக்கு நெருக்கமான நோய் இது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற பொருளை ஊசியில் ஏற்றினாலும் அது பீற்றாக் கலங்களுக்குள் புகுந்து அவற்றைக் கொல்லும். கலோரியில் அறுபது வீதம் கொழுப்பிலிருந்து கிடைக்கும் உணவைச் சில மாதங்கள் கொடுத்தால் எலி பருத்து, இன்சுலினுக்கு அதன் உடல் ஒழுங்காகச் செவிசாய்க்காத நிலை வருகிறது. நம்மிடையே பெருகியுள்ள இரண்டாம் வகையின் தொடக்கநிலையை இவ்வாறுதான் ஆராய்கிறார்கள்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரலாற்றையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் 1949இல் அளவுக்கு மீறிப் பருத்த சுண்டெலிகள் சில பிறந்தன. சாதாரண எலியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை வரை அவை வளர்ந்தன. 1966இல் அங்கேயே இன்னொரு வம்சத்தில், பருமனோடு கடுமையான நீரிழிவும் கொண்ட எலிகள் பற்றி அறிவிக்கப்பட்டது. டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர், இரத்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்படி இரண்டு எலிகளின் உடல்களை அறுவைச் சிகிச்சையால் இணைத்துப் பார்த்தார். நீரிழிவு எலியோடு சாதாரண எலியை இணைத்தபோது, சாதாரண எலி உணவைத் தொடாமல் பட்டினியால் இறந்தது. பருத்த எலியோடு சாதாரண எலியை இணைத்தபோதோ பருத்த எலி குறைவாக உண்டு எடை குறைந்தது. இதிலிருந்து அவர் ஊகித்தது என்ன என்று அடுத்த வரியைப் படிக்குமுன் யோசித்துப் பாருங்கள். பசியடக்கும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது. பருத்த எலி அதை உண்டாக்குவதில்லை. நீரிழிவு எலி ஏராளமாக உண்டாக்கியும் அதை உணரும் வாங்கி அதனிடம் இல்லை. பல ஆண்டுகள் பலர் நம்பாதிருந்த அந்த ஊகம், 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஓமோனுக்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தபோது மெய்யானது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத சில பிள்ளைகள் அதே ஓமோனை ஊசியாகப் பெற்று அடங்காத பசியிலிருந்து மீண்டார்கள். ஆனால் பருமனான பெரும்பாலானோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருப்பதால், எலியை மெலியவைத்த ஊசி அவர்களுக்குப் பயன்படவில்லை. உடலில் ஒரு வேலை எந்த வழியாக நடக்கிறது என்பதைச் சுண்டெலி சரியாகக் காட்டியது. அந்த வழிதான் எல்லா நோயாளிகளிடமும் பழுதாகியுள்ளது என்று அது சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைப் பின்வரும் பதில்களிலும் நினைவில் வைத்திருங்கள்.

வைத்தியசாலை ஆய்வுகூடப் பணியாளர், பதுளை: இத்தனை சிறிய பிராணியிடம் எப்படி இரத்தம் எடுத்துச் சீனி பார்க்கிறார்கள்? நம்மைப்போல இரவு முழுவதும் வெறுவயிற்றில் வைப்பார்களா?

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. இருபத்தைந்து கிராம் சுண்டெலியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய இரண்டு மில்லிலீற்றர்தான். ஆகவே வாலின் நுனியில் மிகச் சிறிய கீறல் போட்டு, ஒரு துளியை மட்டும் எடுத்து, வீடுகளில் வைத்திருக்கும் குளுக்கோசுமானியின் பட்டியில் வைக்கிறார்கள். பிறகு உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு கிராம் வீதம், அதாவது இந்த எலிக்கு ஐம்பது மில்லிகிராம் குளுக்கோசை வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தி, பதினைந்தாவது, முப்பதாவது, அறுபதாவது, நூற்றிருபதாவது நிமிடங்களில் அதே கீறலை இலேசாக வருடி மறுபடியும் ஒவ்வொரு துளி எடுக்கிறார்கள். ஆரோக்கியமான எலியில் பெருமளவு ஏறிய சீனி இரண்டு மணி நேரத்துக்குள் கீழே வந்துவிடும். கொழுப்புணவில் வளர்ந்ததில் ஏறியது இறங்கத் தாமதமாகும்.

வெறுவயிறு பற்றிய உங்கள் சந்தேகம் முக்கியமானது. சுண்டெலி தன் உணவின் பெரும்பகுதியை இரவில்தான் உண்கிறது. இரவு முழுவதும் உணவை எடுத்துவிட்டால் காலைக்குள் உடல் எடையில் ஏறக்குறைய பதினைந்து வீதத்தை அது இழந்துவிடும். ஈரலில் சேர்த்துவைத்த கிளைக்கோஜனும் தீர்ந்துவிடும். மனிதருக்கு ஓரிரவு வெறுவயிறு என்பது எலிக்குக் கடும் பட்டினி. அதனால் பல ஆய்வுகூடங்களில் காலையில் உணவை எடுத்து, ஐந்து ஆறு மணி நேரம் கழித்துச் சோதிக்கிறார்கள். இன்னொன்றையும் நீங்கள் அனுபவத்தால் ஊகித்திருப்பீர்கள்: பழக்கமில்லாத கை முரட்டுத்தனமாகப் பிடித்தால் அச்சத்தாலேயே சீனி ஏறிவிடும். ஆகவே சோதனைக்குப் பல நாட்களுக்கு முன்பிருந்தே எலியைக் கையில் எடுத்துப் பழக்குகிறார்கள். ஓர் ஆய்வறிக்கையை வாசிக்கும்போது எத்தனை மணி நேரம் பட்டினி, எந்த நேரத்தில் சோதனை என்ற இரண்டையும்தான் நான் முதலில் தேடுவேன். அவை சொல்லப்படாவிட்டால் மற்ற எண்களை நம்பத் தயங்குவேன்.

ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், நுவரெலியா: குளிரில் வைத்த எலிகள் பருக்கவில்லை என்று ஒரு செய்தியில் வாசித்தேன். அப்படியானால் எங்கள் ஊர்க் குளிர் சீனி வருத்தத்துக்கு நல்லதா, ஐயா?

தாங்கள் வாசித்த செய்தி உண்மை. அதிலிருந்து தாங்கள் எதிர்பார்க்கும் முடிவுக்கு மட்டும் வர முடியாது. சுண்டெலியின் உடல் சிறிது. எடையோடு ஒப்பிட்டால் தோற்பரப்பு மிக அதிகம். வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். உடலைச் சூடாக வைத்திருக்க எந்தச் சிரமமும் படாமல் அது வாழக்கூடிய வெப்பநிலை ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ். ஆய்வுகூடங்களோ அங்கியும் கையுறையும் அணிந்து வேலைசெய்யும் மனிதர்களின் வசதிக்காகப் பெரும்பாலும் 20 முதல் 24 பாகையில் வைக்கப்படுகின்றன. அந்த அறைகளில் வாழும் எலி, தான் உண்பதில் பெரும்பங்கைக் குளிர்காய்வதற்கே எரித்துக்கொண்டிருக்கிறது.

இதனால் ஆராய்ச்சியே திசைமாறிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பழுப்புக் கொழுப்பில் வெப்பத்தை உண்டாக்கும் யூ.சி.பி.1 என்ற புரதம் இல்லாத எலிகளை உருவாக்கியபோது, அவை சக்தியை எரிக்க முடியாமல் பருத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள், அவை பருக்கவில்லை. 2009இல் ஸ்டொக்ஹோம் ஆய்வாளர்கள் அதே வகை எலிகளை 30 பாகையில் வைத்து வளர்த்தபோது அவை பருத்தன. வழக்கமான அறைகளில் அவை குளிரைத் தாங்க நடுங்குவது முதலான வேறு வழிகளில் சக்தியைச் செலவழித்துக்கொண்டிருந்ததே அந்தப் புரதத்தின் பங்கை மறைத்திருந்தது. இன்று பல ஆய்வுகூடங்களில் எலிகளுக்குக் கூடு கட்டப் பஞ்சும் கடதாசித் துண்டும் கொடுக்கிறார்கள்; சிலர் 30 பாகை அறைகளிலேயே பரிசோதனைகளை மீண்டும் செய்து பார்க்கிறார்கள்.

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருந்தாலும், தாங்கள் சுவெட்டரும் கம்பளியும் போர்த்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உடையைக் கணக்கில் எடுத்தால் தங்கள் தோல் உணர்வது அந்த எலி உணரும் குளிரை அல்ல. குளிரை நம்பி மாத்திரையையோ நடைப்பயிற்சியையோ குறைத்துக்கொள்ள வேண்டாம். நீரிழிவு நீண்ட காலம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும் என்பதால், குளிருக்காக அடுப்பருகே கால் காய்வதும் சுடுநீர்ப் போத்தலைப் பாதத்தில் வைப்பதும் ஆபத்தானவை.

இல்லத்தரசி, பண்டாரவளை: எலிகளின் சீனி வருத்தத்தை முற்றாகக் குணப்படுத்தியது என்று சொல்லி ஓர் இலைத்தூள் விற்கிறார்கள். அம்மா மெட்ஃபோமினை நிறுத்திவிட்டு அதைக் குடிக்க ஆசைப்படுகிறார். கொடுக்கலாமா?

மாத்திரையை நிறுத்த வேண்டாம், சகோதரி. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் காரணங்களுக்குப் போக வேண்டும்.

அந்த விளம்பரம் பொய் என்று நான் சொல்லவில்லை. எலியில் அப்படி ஒரு முடிவு உண்மையிலேயே கிடைத்திருக்கலாம். ஆனால் எப்படிக் கிடைத்தது என்று கேட்க வேண்டும். மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலும் நான் மேலே சொன்ன ஸ்ட்ரெப்டோசோடோசின், அல்லது அலொக்சான் என்ற பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். சில ஆய்வுகளில் அந்த நச்சை ஏற்றுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே இலைச்சாற்றைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். அப்போது எலியின் சீனி குறைவாக இருந்தால், இலை நீரிழிவைக் குணப்படுத்தியது என்றாகாது. அந்த நச்சு பீற்றாக் கலங்களைக் கொல்வதை ஓரளவு தடுத்தது என்றே ஆகும். தங்கள் அம்மாவுக்கு யாரும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஏற்றவில்லை. அந்தப் பொருள் எலியின் பீற்றாக் கலத்துக்குள் நுழையும் வாசல், மனிதரின் பீற்றாக் கலத்தில் மிகக் குறைவு என்பதால் நம் கலங்கள் அதை எலியைவிடத் தாங்கிக்கொள்ளும். இன்னொன்று: நானூறாக இருந்த சீனி முந்நூறாகக் குறைந்தாலும் கணக்கியல்படி அது குறிப்பிடத்தக்க குறைவுதான், விளம்பரத்தில் அது "குணம்" ஆகிவிடுகிறது. முந்நூறு உள்ள மனிதரை எந்த வைத்தியரும் குணமானவர் என்று வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

அளவும் ஒரு சிக்கல். எலிக்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்றால், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 15 கிராம் என்று நேராகப் பெருக்கிவிடக் கூடாது. உடல் சிறுக்கச் சிறுக்க அதன் எரிப்பு வேகம் கூடுவதால், சுண்டெலியின் அளவை ஏறக்குறைய பன்னிரண்டால் வகுத்தே மனிதருக்குரிய தொடக்க மதிப்பீட்டைச் செய்வார்கள், அப்போது 1.2 கிராம் அளவில் வரும். அதுவும் செறிவாகப் பிழிந்தெடுத்த சாற்றின் அளவே தவிர, உலர்ந்த இலைத்தூளின் அளவு அல்ல. பொட்டலத்தின் மேல் "இரண்டு தேக்கரண்டி" என்று அச்சிட்டிருப்பவர் இந்தக் கணக்கைச் செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மூலிகை என்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் என் கருத்தல்ல. நம் நாட்டில் கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்த கிண்ணத்தில் இரவு நீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்தாவரத்திலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது குடலில் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியைத் தடுப்பதாகக் காட்டினார்கள். பின்னர் இலங்கை நோயாளிகளிடமே அத்தேநீரைக் கொடுத்துச் சோதனை செய்யப்பட்டது. பிராணி, பொறிமுறை, மனிதர் என்று படிப்படியாக ஏறிவருவதுதான் முறை. தங்கள் அம்மாவின் தூள் முதற்படியைத் தாண்டியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்கள் விசேடமாகக் கவனமாக இருக்க வேண்டும்; சீனிக்கு நல்லதென்று காமரங்காச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அம்மா எதைக் குடிக்க விரும்பினாலும் அதை அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லச் செய்யுங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர், மஸ்கெலியா: மலையேறிக் கொழுந்து பறிக்கும் மெலிந்த பெண்களுக்கும் சீனி வருத்தம் வருகிறது. பருத்த எலிகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி அவர்களைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். கொழுப்புணவு தின்று பருத்த எலி, மெலிந்த தோட்டத் தொழிலாளிக்குப் பொருந்தாத மாதிரி என்று தாங்கள் கருதுவது சரி. ஆனால் அவரைப் பற்றிப் பேசும் வேறொரு வகை ஆராய்ச்சி இருக்கிறது.

எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு நடுவயதில் நீரிழிவு அதிகம் வருகிறது என்று இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளை வைத்துக் கண்ட ஹேல்ஸ், பாக்கர் என்ற இருவரும், கருவில் உணவு போதாத சிசு மூளையைக் காப்பதற்காகச் சதையி முதலிய உறுப்புகளில் சிக்கனம் செய்கிறது என்ற கருத்தை 1992இல் முன்வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஒல்லாந்தில் ஏற்பட்ட பஞ்சக் காலத்தில் கருவிலிருந்தவர்களிடமும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. ஆனால் மனிதரில் வறுமை, உணவு, நோய் எல்லாம் பின்னிக்கிடப்பதால் எது காரணம் என்று பிரிக்க முடியாது. அங்கேதான் எலி வேண்டியிருந்தது. கர்ப்பிணி எலிகளுக்கு வழக்கமான இருபது வீதப் புரதத்துக்குப் பதிலாக எட்டு வீதம் மட்டும் உள்ள உணவைக் கொடுத்தபோது, குட்டிகள் சிறியவையாகப் பிறந்தன. அவற்றின் பீற்றாக் கலங்களும் குறைந்திருந்தன. ஓசானும் ஹேல்ஸும் 2004இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வில், அவ்வாறு சிறியவையாகப் பிறந்து, நன்றாக உண்ட தாய்களிடம் பால் குடித்து வேகமாக எடை கூடிய ஆண் எலிகள் விரைவில் இறந்தன.

தோட்டப்புறங்களில் நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம் என்பதைத் தாங்கள் நிறுவைத் தராசிலேயே காண்கிறீர்கள். அப்படிப் பிறந்த பெண் நாற்பது வயதில், தசை குறைவாகவும் வயிற்றுப் பகுதியில் சிறிதளவு கொழுப்புடனும் இருந்தாலே அவருடைய சதையிக்கு அது சுமையாகிவிடலாம். தெற்காசியரில் குறைந்த உடல் எடையிலேயே ஆபத்துத் தொடங்குவதால், உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. ஒல்லியாக இருக்கிறார் என்பதற்காக இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். எலி ஆய்வைத் தவறாகப் புரிந்துகொண்டு, நிறை குறைந்த குழந்தைக்குப் பாலைக் குறைக்கச் சொல்லவும் கூடாது. தாய்ப்பால் ஊட்டுவது பற்றிய தங்கள் திணைக்களத்தின் அறிவுறுத்தல்களே சரியானவை. கர்ப்பிணித் தாய்க்கு முட்டை, பருப்பு, நெத்தலி, திரிபோஷா ஒழுங்காகக் கிடைக்கச் செய்வதற்கு இந்த எலிகள் வலுவான நியாயம் தருகின்றன. அந்தப் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் சுமத்தாமல், வேதனத்தை நிர்ணயிப்பவர்களும் ஏற்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆசிரியர், ஹட்டன்: ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஆண் எலிகளையே பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையா?

கொழுப்புணவு ஆய்வுகளில் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. ஆண் எலிகள் விரைவில் பருத்து நோயைத் தெளிவாகக் காட்டுவதே காரணம். என்.ஓ.டி. வம்சத்திலோ பெண் எலிகளுக்கே நோய் அதிகம். மனிதரின் முதலாம் வகை நீரிழிவில் அப்படியொரு பெண் சார்பு இல்லை. இருபாலையும் சேர்த்து ஆராய வேண்டும் என்ற வற்புறுத்தல் இப்போது வலுத்திருக்கிறது.

வாசகர், கண்டி: ஓர் உயிரை வாடவைத்து இன்னோர் உயிரைக் காப்பது தர்மமா?

இந்தக் கேள்வியை ஒரே வார்த்தையில் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொருவரும் நாய்களிடமும் முயல்களிடமும் சுண்டெலிகளிடமும் கடன்பட்டவர்களே. 1982இல் பக்டீரியாவில் தயாரித்த மனித இன்சுலின் அனுமதி பெறும்வரை மருந்தே மாடு, பன்றிகளின் சதையியிலிருந்துதான் வந்தது. அதே வேளை, தேவையற்ற பரிசோதனையும் கவனக்குறைவான பரிசோதனையும் பாவமே. ரசல், பர்ச் என்ற இருவர் 1959இல் வகுத்த நெறியின்படி, பிராணி இல்லாமல் செய்ய முடியுமானால் அப்படியே செய்ய வேண்டும். முடியாதபோது எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதிலும் வலியைத் தணிக்க வேண்டும். அறநெறிக் குழுவின் அனுமதியின்றித் தொடங்கக் கூடாது என்பதும் இன்று ஏற்கப்பட்ட விதி. குருத்துக் கலங்களிலிருந்து வளர்த்த மனித பீற்றாக் கலங்களில் இப்போது பல சோதனைகள் நடக்கின்றன. புதிய மருந்துக்குப் பிராணிச் சோதனை கட்டாயம் என்ற சட்ட நிபந்தனையை அமெரிக்கா 2022இன் இறுதியில் நீக்கியது. ஆனால் பசி, ஈரல், கொழுப்பு, மூளை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒரு நோயை முழு உடல் இல்லாமல் ஆராய்வது இன்னும் இயலவில்லை. பரிசோதனை முடிந்தபின் பெரும்பாலான எலிகள் கொல்லப்படுகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தந்தை ஒருவர், வெலிமடை: உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகளுக்கு இந்தத் துறையில் ஆர்வம். எங்கே படிக்கலாம்? வீட்டு எலிகளைப் பிடித்துப் பழகலாமா என்றும் கேட்கிறாள்.

வீட்டு எலியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் உயிரைப் பறிக்கும் நோய். அத்தோடு, என்ன தின்றது, என்ன வயது, என்ன நோய் என்று தெரியாத எலியிலிருந்து எதையும் கற்க முடியாது. கால்நடை மருத்துவப் பட்டம் நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும் உண்டு. விஞ்ஞான பீடங்களில் விலங்கியல், உயிர் இரசாயனம் படித்தும் இத்துறைக்கு வரலாம். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வுப் பிராணிகளை வளர்க்கும் பிரிவு இருக்கிறது. மகளுக்கு இழுப்போ தும்மலோ உள்ள உடம்பானால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். எலியின் சிறுநீரிலும் உரோமத்திலும் உள்ள புரதங்களால் ஒவ்வாமை ஏற்படுவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம்.